டேப் லைப்ரரி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஊட்டியில், லவ்டேல் பக்கம் ஒரு பழைய கல் கட்டடத்தில் எங்கள் ஆவண அறை இருக்கிறது. எஸ்டேட் கணக்குப் பேரேடுகள், கண்ணாடித் தகட்டுப் படங்கள், மலைக் கிராமங்களில் பதிவு செய்த பாட்டுகள் என்று கைக்கு வருவதையெல்லாம் கணினியில் ஏற்றி, 24 ஸ்லாட் (டேப் வைக்கும் பொந்து) உள்ள ஒரு எல்டிஓ-6 (ஆறாம் தலைமுறைக் காந்த நாடா) டேப் லைப்ரரியில் எழுதி வைக்கிறோம். டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) சர்வர் ஒன்று, டிரைவ் ஒன்று, டேப்பை எடுத்துப் போடும் ரோபோ கை ஒன்று. பேக்கப் மென்பொருள் என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. ஃபைல்களை ஒரே கட்டாகக் கட்டும் டார், டிரைவை ஓட்டும் எம்டி, ரோபோவை ஓட்டும் எம்டிஎக்ஸ் என்ற மூன்று கமாண்டுகளிலேயே எல்லா வேலையும் நடக்கிறது.

இத்தனை வருடத்தில் நாங்கள் இழந்த தரவை எண்ணிப் பார்த்தால், கருவி பழுதானதால் போனது குறைவு. பழுது வந்த பதற்றத்தில் எதையோ தட்டியதால் போனதுதான் அதிகம். அதனால் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். கமாண்டுகளில் இரண்டு வகை: டேப்பிடம் கேட்கிறவை, டேப்பில் எழுதுகிறவை. என்ன கோளாறு வந்தாலும் முதலில் கேட்கிற வகையை மட்டும் தட்டுங்கள். டேப் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எழுதுகிற வகைப் பக்கமே போகாதீர்கள்.

கமாண்டுகளை வாயால் சொல்வது போலத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் டிரைவின் பெயரைத் தட்டிக்கொண்டிருக்காமல் இருக்க, டெர்மினலைத் திறந்ததும் இந்த இரண்டு வரிகளைப் போட்டுவிடலாம்:

எக்ஸ்போர்ட் டேப்=/டெவ்/என்எஸ்டி0
எக்ஸ்போர்ட் சேஞ்சர்=/டெவ்/எஸ்ஜி3

சமக்குறிக்கு இடப்பக்கம் உள்ள 'டேப்', 'சேஞ்சர்' இரண்டும் பெரிய எழுத்து. எம்டியும் டாரும் முதல் பெயரைப் பார்த்துக்கொள்ளும், எம்டிஎக்ஸ் இரண்டாவதைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் 'எம்டி ஸ்டேட்டஸ்', 'எம்டிஎக்ஸ் ஸ்டேட்டஸ்' என்று சுருக்கமாகவே கேட்கலாம்.

லைப்ரரியே சர்வரின் கண்ணில் படவில்லை

எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ -ஜி என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் 'டேப்' என்று ஒரு வரியும், 'மீடியம்எக்ஸ்' என்று ஒரு வரியும் இருக்க வேண்டும். முதலாவது டிரைவ், இரண்டாவது ரோபோ.

இரண்டுமே இல்லையென்றால் கேபிளையும் கார்டையும் பாருங்கள். டேப் டிரைவைச் சாதாரண எஸ்ஏஎஸ் (டிஸ்க், டேப் இரண்டையும் சர்வரோடு இணைக்கும் முறை) கார்டில் மாட்ட வேண்டும். டிஸ்க்குகளுக்கான ரெய்டு கார்டுகள் பலவற்றுக்கு டேப் என்றால் என்னவென்றே தெரியாது. இன்னொன்று, லைப்ரரியை முதலில் ஆன் செய்து, அது ஸ்லாட்டுகளையெல்லாம் பார்த்து முடித்துத் தயார் என்று காட்டிய பிறகு சர்வரை ஆன் செய்யுங்கள்.

டேப் வரி இருக்கிறது, மீடியம்எக்ஸ் வரி மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் எல்யுஎன் (ஒரே முகவரிக்குள் இருக்கும் கிளை எண்) விஷயம். சின்ன லைப்ரரிகளில் ரோபோவுக்குத் தனி கேபிள் கிடையாது. டிரைவின் முகவரியிலேயே எல்யுஎன் 1 என்று ஒட்டிக்கொண்டிருக்கும். கார்டு எல்யுஎன் 0-வோடு தேடுவதை நிறுத்திக்கொண்டால் ரோபோ தெரியாது. கார்டின் அமைப்பில் அதைத் திறந்துவிட்டு, எஸ்ஜி3-யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள ரீஸ்கேன் ஸ்கிரிப்டை ஓட்டினால் வந்துவிடும்.

இரண்டு வரியும் இருந்தும் என்எஸ்டி0 இல்லையென்றால் 'மோட்ப்ரோப் எஸ்டி' என்று தட்டி, டேப்புக்கான கர்னல் பகுதியை ஏற்றுங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்றால் உங்கள் பயனர் கணக்கை 'டேப்' என்ற குழுவில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கில்) ஓட்டும் பழக்கம் வேண்டாம்.

நேற்று எஸ்ஜி3 ஆக இருந்தது இன்று எஸ்ஜி5 ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம். சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் கண்ணில் பட்ட வரிசையில் எண் கொடுக்கிறது. /டெவ்/டேப்/பை-ஐடி என்ற டைரக்டரிக்குள் கருவியின் சீரியல் எண்ணோடு சேர்ந்த நிரந்தரப் பெயர்கள் இருக்கும். ஸ்கிரிப்டில் அவற்றையே எழுதிவிடுங்கள்.

டேப் உள்ளே போய்விட்டது, ஆனால் 'நோ மீடியம் ஃபவுண்ட்'

"அக்கா, ரோபோ டேப்பைக் கொண்டு போய் டிரைவுல வெச்சிருச்சு. எம்டிய கேட்டா டேப்பே இல்லைங்குது." எங்கள் அறையில் அதிகம் கேட்கிற புகார் இதுதான்.

'எம்டிஎக்ஸ் லோட் 5 0' என்றால் ஐந்தாம் ஸ்லாட் டேப்பை 0-ஆம் டிரைவில் போடு என்று பொருள். கை தன் வேலையை முடித்ததுமே எம்டிஎக்ஸ் முடிந்ததாகச் சொல்லிவிடும். டிரைவின் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கார்ட்ரிட்ஜின் சிப்பைப் படித்து, நாடா நுனியில் உள்ள ஊசியைப் பிடித்து இழுத்து, தன் சக்கரத்தில் சுற்றி நிறுத்த வேண்டும். அதுவரைக்கும் கேட்டால் டேப் இல்லை என்றே பதில் வரும். ஆகவே காத்திருக்கச் சொல்லுங்கள்:

அன்டில் எம்டி ஸ்டேட்டஸ் | கிரெப் -கியூ ஆன்லைன்; டூ ஸ்லீப் 5; டன்

இதில் 'ஆன்லைன்' பெரிய எழுத்து. சில நிமிடம் ஆகியும் இந்தச் சுற்று முடியவில்லையென்றால் நிறுத்திவிட்டு 'எம்டிஎக்ஸ் ஸ்டேட்டஸ்' கேட்டு, டிரைவில் இருக்கும் டேப்பின் பார்கோடைப் படியுங்கள். அது சிஎல்என் என்று தொடங்கினால் சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜை ஏற்றியிருக்கிறீர்கள். கடைசி இரண்டு எழுத்து எல்7 என்று இருந்தால் அது எல்டிஓ-7. எல்டிஓ-6 டிரைவ் அதைத் தொடாது. எங்கள் டிரைவ் எல்டிஓ-4 டேப்பைப் படிக்கும், 5, 6 இரண்டிலும் எழுதும், அவ்வளவுதான்.

தலைமுறைக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எல்டிஓ-7 வரைக்கும் டிரைவ்கள் இரண்டு தலைமுறை முந்தைய டேப்பைப் படித்துவந்தன. எல்டிஓ-8 டிரைவ் 7, 8 இரண்டை மட்டும்தான் ஏற்கும், எல்டிஓ-6 டேப்பைப் படிக்கக்கூடச் செய்யாது. புதுசு வாங்கும்போது நேராக 8-க்குத் தாவினால் பழைய டேப்புகள் அத்தனையும் அலமாரியில் ஊமையாகிவிடும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1900-களின் தொடக்கத்தில் எடுத்த சூரியப் படங்களின் கண்ணாடித் தகடுகளை இன்றைக்கும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். டேப் அப்படியில்லை. அதைப் படிக்கிற டிரைவ் கையில் இருக்கும்போதே அடுத்த தலைமுறைக்கு மாற்றி எழுதிவிட வேண்டும். எல்டிஓ-9 வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி: புது டேப்பை முதல் முறை போடும்போது டிரைவ் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ள சுமார் 40 நிமிடம் ஆகும், 2 மணி நேரம் வரைகூடப் போகும். பழுது என்று பிடுங்கிவிடாதீர்கள்.

அப்புறம் எங்கள் ஊருக்கே உரிய காரணம், குளிர். டேப்பைப் பயன்படுத்தும் இடம் 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலை நேரத்தில் எங்கள் அறை 7 டிகிரியில் இருந்திருக்கிறது. அந்த வாரத்தில் அதிகாலை 4 மணி வேலை மூன்று முறை ஏற்றும் கட்டத்திலேயே நின்றது. பகலில் அதே டேப் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. ஹீட்டரை லைப்ரரிக்கு நேராகத் திருப்பி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் என்றால் நாடாவுக்கு அது இன்னும் கெடுதல். நாங்கள் மார்கழி, தை இரண்டு மாதமும் பேக்கப்பைக் காலை 11 மணிக்கு மாற்றிவிட்டோம். அதோடு அந்தத் தொல்லை போயிற்று.

டிரைவ் முன்னும் பின்னும் இழுக்கிறது, வேலை நகரவில்லை

இதைக் காதால் கண்டுபிடிக்கலாம். ஒழுங்காக ஓடும் டிரைவ் ஒரே சுருதியில் ரீங்காரம் போடும். நாடாவின் ஒரு முனை வந்ததும் திசை மாற ஒரு சின்ன இடைவெளி, மறுபடி அதே சுருதி. கோளாறான ஓட்டம் வேறு மாதிரி: உயர்ந்து, சட்டென்று இறங்கி, ஒரு 'க்ளக்', பின்னால் இழுக்கும் ஓசை, மறுபடி உயர்வு. சில வினாடிக்கு ஒருமுறை இப்படி. கையை லைப்ரரியின் மேல் வைத்தால் அதிர்வு விட்டு விட்டு வருவது தெரியும்.

டேப்பால் நின்ற இடத்திலிருந்து எழுத முடியாது, ஓடிக்கொண்டே எழுத வேண்டும். எல்டிஓ-6 வினாடிக்கு 160 எம்பி வரை வாங்கும். நீங்கள் அவ்வளவு கொடுக்காவிட்டால் டிரைவ் தன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கும். அதற்கும் தரவு போதவில்லையென்றால் நின்று, பின்னால் போய், ஓட்டம் எடுத்து, விட்ட இடத்தில் மறுபடி எழுதத் தொடங்கும். நாடாவும் தேயும், டிரைவின் படிக்கும், எழுதும் தலையும் தேயும், நேரமும் போகும்.

கோளாறு டிரைவில் இல்லை, ஊட்டும் பக்கத்தில்தான். எவ்வளவு ஊட்ட முடிகிறது என்று டேப்பைத் தொடாமலே அளக்கலாம்:

டார் --கிரியேட் --ஃபைல்=- படங்கள் | டிடி ஓஎஃப்=/டெவ்/நல் பிஎஸ்=1எம்

இதில் '1எம்'மில் உள்ள 'எம்' பெரிய எழுத்து. முடிவில் டிடி வேகத்தைச் சொல்லும். டாரை நேராக /டெவ்/நல்லுக்கு எழுதச் சொல்லி அளக்காதீர்கள். வெளியே போவது நல் என்று தெரிந்தால் டார் ஃபைலின் உள்ளடக்கத்தைப் படிக்காமலே தாண்டிவிடும், வேகம் பிரமாதமாகக் காட்டும். நடுவில் குழாய் வைத்தால்தான் உண்மை தெரியும்.

எங்களிடம் முதல் அளவு வினாடிக்கு 30 எம்பி சொச்சம்தான் வந்தது. காரணம், சின்னப் படங்கள் லட்சக்கணக்கில் இருந்த டைரக்டரி. ஒவ்வொன்றையும் திறந்து மூடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. தரவு வேறு கணினியில் இருந்து ஒரு கிகாபிட் கேபிள் வழியாக வந்தாலும் இதே கதைதான். அந்தக் கேபிளின் உச்சமே வினாடிக்கு 110 எம்பி சொச்சம்.

இரண்டு மருந்து உண்டு. ஒன்று, நடுவில் ஒரு தொட்டி வைப்பது:

டார் --கிரியேட் --பிளாக்கிங்-ஃபேக்டர்=512 --ஃபைல்=- படங்கள் | எம்பஃபர் -எம் 8ஜி -பி 90 -எஸ் 256கே -ஓ /டெவ்/என்எஸ்டி0

இதில் 'பி'யும் '8ஜி'யில் உள்ள 'ஜி'யும் பெரிய எழுத்து. 8 ஜிபி தொட்டி 90 சதவீதம் நிரம்பும் வரை டேப்புக்கு எதுவும் போகாது. நிரம்பியதும் முழு வேகத்தில் பாயும். காலியாகச் சுமார் 50 வினாடி ஆகும், அதுவரை டிரைவ் நிற்காது. நிற்பது அடியோடு போகாவிட்டாலும், சில வினாடிக்கு ஒருமுறை நின்றது நிமிடக் கணக்கில் ஒருமுறையாகும். ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் டார் பாதியில் செத்தாலும் எம்பஃபர் நல்லபடியாக முடித்ததை மட்டும் பார்த்து, பேக்கப் ஆயிற்று என்று பதிவாகிவிடும்.

இரண்டாவது மருந்துதான் எனக்குப் பிடித்தது. சின்ன ஃபைல்களை முதலில் ஒரு எஸ்எஸ்டி டிஸ்க்கில் பெரிய பெரிய டார் ஃபைல்களாகக் கட்டிவிட்டு, அதைப் பகலில் டேப்புக்கு அனுப்புவது. அதற்கப்புறம் எங்கள் டிரைவ் அந்த இழுப்புச் சத்தம் போட்டதே இல்லை. ஜிஜிப் வைத்துச் சுருக்கலாமா என்று கேட்பார்கள். டிரைவே சுருக்கிக்கொள்ளும்; ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. ஜிஜிப் ஓட்டத்தை மந்தமாக்குவதோடு சரி.

ஐந்து நாள் எழுதினோம், கடைசி நாள் மட்டும்தான் இருக்கிறது

இந்தப் பகுதியை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. எஸ்டி0 என்ற பெயரில் திறந்தால், வேலை முடிந்து மூடும்போது டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். என்எஸ்டி0 என்ற பெயரில் திறந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னால் உள்ள அந்த ஒரு 'என்' விட்டுப்போனால், திங்கட்கிழமை எழுதியதன் மேல் செவ்வாய், செவ்வாய் மேல் புதன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக்கொண்டே போகும். எந்த நாளும் பிழைச் செய்தி வராது, எல்லா நாளும் பச்சை விளக்குதான். எங்களுக்கு ஒரு வாரப் பாட்டுப் பதிவுகள் இப்படித்தான் போயின. மூலம் இன்னொரு டிஸ்க்கில் அழியாமல் இருந்ததால் பிழைத்தோம்.

அறிகுறி தெரிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி:

எம்டி ரீவைண்ட்
எம்டி எஃப்எஸ்எஃப் 1
எம்டி ஸ்டேட்டஸ்

தொடக்கத்துக்குச் சுற்றி, ஒரு ஃபைலைத் தாண்டி, எங்கே நிற்கிறது என்று கேட்கிறோம். இதில் எதுவும் எழுதாது. 'ஃபைல் நம்பர்=1' என்று வந்து, கீழே நிலைக் குறிகளின் வரிசையில் 'இஓடி' என்றும் காட்டினால், அல்லது மறுபடி ரீவைண்ட் செய்து எஃப்எஸ்எஃப் 2 என்று கேட்கும்போது மேலே போக முடியாமல் பிழை கொடுத்தால், டேப்பில் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கிறது. இஓடி என்பது 'இதோடு தரவு முடிந்தது' என்று டிரைவ் போடும் முத்திரை. தொடக்கத்தில் சின்னதாக ஒன்றை எழுதினாலும் முத்திரை அதன் பின்னால் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு அப்பால் பழைய தரவு நாடாவில் இருந்தாலும், சாதாரண டிரைவ் அந்தக் கோட்டைத் தாண்டிப் படிக்காது.

அந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டேப்பை வெளியே எடுத்து, ஓரத்தில் உள்ள எழுத்துத் தடுப்புத் தாழ்ப்பாளைப் பூட்டுப் பக்கம் தள்ளி, 'தொடாதே' என்று எழுதி ஒட்டி அலமாரியில் வைப்பது. தரவு மிக முக்கியமென்றால் மீட்புக் கூடங்களிடம் போகலாம். அவர்களிடம் கொடுக்கும்போது மேலெழுதியது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இனி வராமல் இருக்க, ஒவ்வொரு முறை எழுதுவதற்கு முன்பும் 'எம்டி இஓடி' கொடுத்துக் கடைசிக்குப் போய், 'எம்டி ஸ்டேட்டஸ்' கேட்டு, ஃபைல் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் மேசையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. தேதி, பார்கோடு, ஃபைல் எண், கையெழுத்து. ஸ்கிரிப்டும் பதிவு செய்கிறது, ஆனாலும் நோட்டை விடவில்லை. நேற்று 4, இன்றும் 4 என்றால் பேனா பிடித்த கையே நின்றுவிடும்.

மீட்கப் போனால் 'கேனாட் அலோகேட் மெமரி'

எழுதும்போது ஒரு பிரச்சனையும் இல்லை. ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு பழைய பேரேடு கேட்கிறார்கள், டாரைக் கூப்பிட்டால் மெமரி ஒதுக்க முடியவில்லை என்கிறது. நானும் முதலில் சர்வரில் ரேம் போதவில்லை என்றுதான் நினைத்தேன், அரை நாள் அதிலேயே போனது. ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டேப்பில் தரவு கட்டி கட்டியாக இருக்கிறது. எழுதும்போது 512 என்று கொடுத்தோமே, அது 512 தடவை 512 பைட், அதாவது ஒரு கட்டி 256 கேபி. எண் எதுவும் கொடுக்காமல் டாரைக் கூப்பிட்டால் அது 20 என்று எடுத்துக்கொண்டு 10 கேபி பாத்திரத்தை நீட்டும். மரக்காலில் அளந்து கொட்டுகிற நெல்லை உழக்கில் பிடிக்க முடியுமா? டேப் ஒரு கட்டியை முழுசாகத்தான் கொடுக்கும். பாத்திரம் சின்னது என்பதைத்தான் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 'மெமரி ஒதுக்க முடியவில்லை' என்று சொல்கிறது. 'டிமெஸ்ஜி' என்று தட்டிக் கர்னலின் செய்திகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும்: '262144 பைட் பிளாக்கை 10240 பைட் டிரான்ஸ்ஃபரில் படிக்க முடியவில்லை' என்று ஒரு வரி. அந்த முதல் எண்தான் கட்டியின் அளவு.

அந்த வரி கிடைக்கவில்லையென்றால், அளவு தெரியாத பழைய டேப்பை இப்படிக் கேட்கலாம்:

எம்டி ரீவைண்ட்
டிடி ஐஎஃப்=/டெவ்/என்எஸ்டி0 ஓஎஃப்=/டிஎம்பி/கட்டி பிஎஸ்=1எம் கவுண்ட்=1

இங்கேயும் '1எம்'மில் உள்ள 'எம்' பெரிய எழுத்து. ஒரு எம்பி பாத்திரம் நீட்டி ஒரே ஒரு கட்டி வாங்குகிறோம். /டிஎம்பி/கட்டி எத்தனை பைட் என்று பார்த்து 512-ஆல் வகுத்தால் டாருக்குக் கொடுக்க வேண்டிய எண் வந்துவிடும். அப்புறம் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்ற வேண்டும், ஏனென்றால் ஒரு கட்டி தாண்டிவிட்டது. மூன்றாம் எண் ஃபைல் வேண்டுமென்றால்:

எம்டி ஏஎஸ்எஃப் 3
டார் --லிஸ்ட் --பிளாக்கிங்-ஃபேக்டர்=512

எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். பட்டியல் சரியாக வந்தால் மறுபடி ஏஎஸ்எஃப் 3 கொடுத்துவிட்டு, 'லிஸ்ட்' இருந்த இடத்தில் 'எக்ஸ்ட்ராக்ட்'. பழைய இடத்திலேயே விரிக்காதீர்கள், காலி டைரக்டரி ஒன்றுக்குள் போய் விரியுங்கள்.

எம்டி ஸ்டேட்டஸில் 'டேப் பிளாக் சைஸ்' 0 என்றுதான் இருக்க வேண்டும். வேறு எண் இருந்தால் 'எம்டி செட்பிஎல்கே 0' கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இந்தப் பிழை எத்தனை முறை வந்தாலும் டேப்புக்கு ஒன்றும் ஆகாது. இதைப் பார்த்து டேப் கெட்டுப்போயிற்று என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதில் இருந்தவை இனி எங்கேயும் கிடைக்காது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனது ஆறவில்லை.

பாதியில் 'இன்புட்/அவுட்புட் எரர்'

இந்தச் செய்திக்குப் பின்னால் பத்துக் காரணம் இருக்கலாம். அதனால் டிரைவையே கேட்க வேண்டும். எம்டிஎக்ஸ் தொகுப்போடு 'டேப்இன்ஃபோ' என்று ஒரு கமாண்டு வரும். டிரைவின் எஸ்ஜி பெயரைக் கொடுத்து ஓட்டினால் 'டேப்அலர்ட்' என்ற எண்களைச் சொல்லும். எண் 20 என்றால் தலையை உடனே சுத்தம் செய் என்று பொருள். 21 என்றால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. 22 என்றால் சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜே தீர்ந்துவிட்டது. 4 வந்தால் சந்தேகம் டேப்பின் மேல். ஒருமுறை படித்ததும் இந்த எண்கள் அழிந்துவிடும், ஆகவே முதல் முறையே குறித்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்ய, சிஎல்என் கார்ட்ரிட்ஜ் உள்ள ஸ்லாட்டிலிருந்து டிரைவுக்கு லோட் செய்தால் போதும். வேலை முடிந்ததும் டிரைவே வெளியே தள்ளும். ஒரு கார்ட்ரிட்ஜ் 50 முறை வரை வரும். வாரம் தவறாமல் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்ப வேண்டாம், அது தலையைத் தேய்க்கும். டிரைவ் கேட்டால் மட்டும் போதும்.

எண் எதுவும் இல்லையென்றால் வேறு டேப்பைப் போட்டுப் பாருங்கள். புது டேப்பிலும் பிழை வந்தால் டிரைவ் அல்லது கேபிள்; ஒரே டேப்பில் மட்டும் வந்தால் அந்த டேப். அதில் இனி எழுதாதீர்கள், படிக்க முடிந்ததையெல்லாம் உடனே வேறொன்றுக்கு நகலெடுங்கள்.

எங்கள் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவம் அடிக்கும்போது இந்தப் பிழை கூடும். மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும், புத்தக அட்டையில் பூஞ்சை பிடிக்கும். டிரைவ் ஓடும்போது ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நெடுநாள் வைக்கும் டேப்புக்கு 20 முதல் 50 சதவீதம், 16 முதல் 25 டிகிரி என்பது விதி. மழைக்காலத்தில் ஊட்டியில் ஒரு சாதாரண அறை இந்தக் கணக்குக்குள் வராது. ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஒன்றும், டேப் அலமாரிக்குள் ஈரமானி ஒன்றும் வாங்கி வைத்தோம். புது டிரைவ் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே இல்லை.

எழுதும்போது கரன்ட் போய்விட்டது

2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரி மலையின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மரங்கள் விழுந்து கம்பி அறுந்தால் மலையில் கரன்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, யுபிஎஸ் எத்தனை நேரம் தாங்கும்?

எழுதிக்கொண்டிருந்த ஃபைலை மறந்துவிடுங்கள், அது அரைகுறை. அதற்கு முந்தியவைதான் முக்கியம். கரன்ட் வந்ததும் லைப்ரரி தானாக எல்லா ஸ்லாட்டையும் பார்க்கும். 'எம்டிஎக்ஸ் இன்வென்டரி' கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்வது நல்லது. டேப் டிரைவுக்குள்ளேயே இருக்கும். ஆன்லைன் ஆனதும் 'எம்டி இஓடி' கேட்டுப் பாருங்கள். முடிவு முத்திரை விழாமல் போயிருந்தால் இங்கே பிழை வரும். அதைச் சரிசெய்கிறேன் என்று எதையும் எழுதாதீர்கள். நோட்டில் உள்ள எண்படி ஏஎஸ்எஃப் கொடுத்து, முந்தைய ஃபைல்கள் ஒவ்வொன்றையும் படித்து டிஸ்க்குக்கு எடுத்து, புது டேப்பில் எழுதுங்கள். பழையதைத் தாழ்ப்பாள் போட்டு ஒதுக்கிவிடலாம்.

ரோபோ டேப்பைத் திருப்பி எடுக்க மறுக்கிறது

'எம்டிஎக்ஸ் அன்லோட் 5 0' என்று கொடுத்தால் நீளமாக ஒரு பிழை, அதில் 'இல்லீகல் ரிக்வெஸ்ட்', கீழே 53, 02 என்று எண்கள். வெளியே எடுக்கத் தடை இருக்கிறது என்று பொருள். முதலில் 'எம்டி ஆஃப்லைன்' கொடுத்து டேப்பைச் சுற்றி வெளியே தள்ளச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் ரோபோவைக் கூப்பிட வேண்டும். ஆஃப்லைனும் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்றால் 'ஃபியூஸர் -வி /டெவ்/என்எஸ்டி0' கேளுங்கள், டிரைவைப் பிடித்து வைத்திருக்கும் வேலை எது என்று சொல்லும். அது உண்மையாகவே எழுதிக்கொண்டிருக்கும் பேக்கப்பாக இருக்கலாம், பார்க்காமல் கொன்றுவிடாதீர்கள். யாரும் பிடிக்கவில்லையென்றால் 'எம்டி அன்லாக்'. இதற்கும் மசியாவிட்டால்தான் லைப்ரரியின் முகப்புப் பொத்தான்.

டேப் சீக்கிரம் நிறைந்துவிட்டது

எல்டிஓ-6 உறையில் 6.25 டிபி என்று பெரிதாக இருக்கும். அது 2.5 மடங்கு சுருங்கும் என்ற கணக்கு. ஏற்கெனவே சுருங்கிய படம், பாட்டு என்றால் 2.5 டிபிதான் பிடிக்கும். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' வந்தால் டேப்பில் தவறில்லை. டாரில் --மல்டி-வால்யூம் உண்டு, ஆனால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒரு ஃபைல் இரண்டு டேப்பில் பரவினால், ஒன்று கெட்டாலும் அந்த ஃபைல் போச்சு. 2 டிபிக்கு ஒரு கட்டாகப் பிரித்து, டேப்புக்கு ஒரு கட்டு என்று வைத்துவிடுவேன்.

கீழே அனுப்பிய நகல் அங்கே படிக்கவில்லை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நகலைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி வைக்கிறோம். 2009 நவம்பரில் மலையெங்கும் மண் சரிந்து சாலைகள் அறுந்ததைப் பார்த்தவர்களுக்கு, எல்லாப் பிரதியையும் மலையிலேயே வைத்துக்கொள்ள மனம் வராது. அப்படி அனுப்பிய டேப் ஒன்று அங்கே பிழை கொடுத்தது, இரண்டு நாள் கழித்து அதே டேப் அதே டிரைவில் சுத்தமாகப் படித்தது.

இங்கே 12 டிகிரியில் பெட்டிக்குள் போன டேப்பைக் குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, 30 டிகிரிக்கு மேல் வெப்பமும் ஈரமும் உள்ள அறையில் உடனே திறந்தால், குளிர்ந்த கண்ணாடிக் கிளாஸில் வியர்ப்பது போல நாடாவில் நீர் பூக்கும். மேலே வரும் டேப்புக்கு அந்த வியர்வை இல்லாவிட்டாலும், சூட்டில் விரிந்த நாடா குளிரில் சுருங்கி நிலைக்க நேரம் வேண்டும். இரண்டு திசைக்கும் ஒரே முறைதான் வைத்திருக்கிறோம். டேப்பை அதன் உறையோடு, மூடிய பெட்டியிலேயே, ஓடப்போகும் அறையில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். பெட்டியின் மேல் வந்து சேர்ந்த நேரத்தை எழுதி ஒட்டிவிடுவோம். மறுநாள் அதே நேரத்துக்குத் திறந்து, 'எம்டி ஸ்டேட்டஸ்' கேட்டு, 'டார் --லிஸ்ட்' ஓட்டி, பட்டியல் கடைசி வரைக்கும் வந்தால் நீல நோட்டில் ஒரு டிக்.